கன்னியாகுமரி மாவட்டம் தேங்காப்பட்டணம் பக்கம் மீன் செத்தா உடனே "நஞ்சு கலக்கிட்டான்"னு சொல்றவங்களுக்கு

எங்க சித்தப்பா மக தண்ணி மாசுபட்டா மீனுக்கு என்ன ஆகும்னு பிஎச்டி பண்ணுதா. குழித்துறையாறு கடல்ல சேருற இடத்துலயும் ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய்லயும் சாம்பிள் எடுக்கணும், தனியா விட வீட்ல சம்மதிக்கல, அதனால வள்ளம் ஏற்பாடு பண்ணி கூட போற வேலை என் தலைல. அதுவும் விடியிறதுக்கு முன்னாடியே போகணுமாம். பகல்ல பாசியும் செடியும் ஆக்சிஜன் விடும், ராத்திரி எல்லாமே சேர்ந்து இழுக்கும், அதனால விடியக்காலைலதான் தண்ணில ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்குமாம்.

கயிறு திரிக்க கதம்பை, அதான் தேங்கா மட்டை, அழுகப் போட்டிருக்கிற பக்கம் போனா தண்ணி கறுப்பு, அழுகின முட்ட நாத்தம். கரிமீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு கெடக்கு, சிலது செத்தே மிதக்கு. வள்ளக்கார பாட்டா, "எவனோ நஞ்சு கலக்கிட்டான் மக்ளே"ன்னாரு. இவ ஒண்ணும் பேசல, பாட்டில்ல தண்ணி புடிச்சு ரெண்டு மருந்து விட்டா. முன்னாடி ஆத்துல புடிச்சது நல்ல பழுப்பா மாறிச்சு, இது கிட்டத்தட்ட வெள்ளையாவே நிக்கி. "பழுப்புன்னா ஆக்சிஜன் இருக்கு, வெள்ளைன்னா இல்ல, அவ்ளோதான் பாட்டா"ன்னு இவ சொன்னா. 30 டிகிரி சூட்டுல ஒரு லிட்டர் நல்ல தண்ணி முழுசா புடிச்சாலே ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிக்குமாம், உப்புத்தண்ணின்னா இன்னும் கம்மி, அதையும் மட்டைய அழுக வைக்கிற பாக்டீரியா தின்னுட்டா மீனுக்கு என்ன மிச்சம்? விராலும் தேளியும் மேல வந்து காத்த குடிச்சு தப்பிச்சிரும், கரிமீனுக்கு அந்த வசதி கெடையாது.

பாட்டா லேசுல விடல. "எங்க அப்பன் காலத்துலயும் கதம்பை போட்டாவ, அப்ப மீன் சாகலையே?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான? அப்போ கால்வாய்ல தண்ணி ஓடிச்சு, இப்போ ஆகாயத்தாமரையும் குப்பையும் வீட்டுச் சாக்கடையும் அடச்சு நிக்கி, பொழி, அதான் ஆறு கடல்ல சேருற வாய், மண்ணடிச்சு மூடிட்டா கடல்தண்ணியும் ஏறாதுன்னு இவ சொன்னா. அதுக்கு மேல பாட்டா ஒண்ணும் கேக்கல, ஆனா ஒத்துக்கிட்டாருன்னும் சொல்ல முடியாது.

கதம்பை தொழில நிறுத்தணும்னு இவ எழுதப்போறதில்லையாம், இடுப்பளவு அந்தத் தண்ணிலயே நின்னு பொழைக்கிற பொம்பளைங்கள வில்லனாக்க மாட்டாளாம். எனக்கும் அதான் சரின்னு படுது. குழிய கால்வாய்ல இருந்து வரப்பு போட்டு பிரிச்சாலே பாதி பிரச்சனை கொறையும்.

மண்டைக்காடு பக்கம் கதம்பைக்குழி இன்னும் நடத்துறவங்க தெரிஞ்சா சொல்லுங்க மக்கா, ஒப்பிட்டுப் பாக்க அவளுக்கு இன்னொரு இடம் வேணுமாம்.