உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கிறீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

பென்னாகரத்துக்காரன்:

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் அம்மா அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பல்லு தெரியச் சிரிக்காத." எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு, சிலருக்குக் குழி குழியாக. உப்பைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, சாம்பலைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

நான் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் சோதிக்கும் பெட்டியோடு ஒருவர் வந்தார். சின்னக் குப்பியில் எங்கள் போர் தண்ணீரை எடுத்து மருந்தை விட்டார். சிவப்பாக நிற்க வேண்டியது வெளுத்து மஞ்சளாகிவிட்டது. புளோரைடு என்கிற உப்பு அதிகமாம். அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பதுதான் நம் நாட்டுக் கணக்கு. எங்கள் பக்கத்துப் பாறையிலேயே அது இருப்பதால் தண்ணீரில் கரைந்து வருகிறது. பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே கறை ஏறிவிடுமாம், அப்புறம் தேய்த்து என்ன பயன்? தாத்தா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவார். வயசாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம். அதற்கும் இந்தத் தண்ணீரே காரணமாக இருந்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். இதில் கொடுமை என்னவென்றால், அம்மா ஆற்றுத் தண்ணீரில் துணி துவைக்கிறாள், போர் தண்ணீரைக் குடிக்கிறாள். "ஆத்துத் தண்ணியில மருந்து நாத்தம். போர் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு பாரு." சுட வைத்துத்தானே குடிக்கிறேன் என்று வாதம் வேறு. சுட வைத்தால் தண்ணீர்தான் குறையும், புளோரைடு அப்படியே இருக்கும் என்று எத்தனை தடவை சொல்வது?

டேங்க்காரர் மகள்:

அண்ணா, அந்த "மருந்து நாத்தம்" எங்கள் வீட்டுச் சோறு. அப்பா இருபது வருஷம் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். ஊற்றி அரை மணி நேரமாவது ஆகாமல் வால்வைத் திறக்க மாட்டார். ஐந்து நிமிஷம் தாமதமானால் தெருவே திட்டும்.

பிறகு கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குப்பியில் சொட்டு மருந்து விட்டு வெயிலில் தூக்கிப் பார்ப்பார். லேசாக மஞ்சள் விழுந்தால், பவுடரிலிருந்து வரும், கிருமியைக் கொல்லும் குளோரின் அங்கேவரை போயிருக்கிறது. கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும். மஞ்சள் விழாத நாளில் முகம் மாறிவிடும். பெரும்பாலும் மூட்டை பழசாக இருக்கும். வாய் திறந்து கிடந்த பவுடர் மழைக்காலத்தில் கட்டி தட்டிப்போய் வெறும் சுண்ணாம்பு மாதிரிதான். புது மூட்டை கேட்டு அவர் அலைந்த அலைச்சல் இருக்கே, அதைத் தனியாக எழுதணும்.

எங்கள் ஊரில் வாசம் அடித்தால் புகார் வரும். வாசமே இல்லாத நாளில் ஒருத்தரும் வந்து கேட்டதில்லை.

பழைய இயற்பியல் வாத்தியார்:

எங்கள் கிராமத்துக்கு, தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டி எடுக்கும் ஆர்.ஓ. மெஷின் விற்க ஒரு பையன் வந்தான். இரண்டு டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் மெஷின் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் விட்டு சுவிட்சைப் போட்டான். இரண்டு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, மேலே நுரைகட்டி, சாக்கடையாகிவிட்டது. அவன் தண்ணீர் அப்படியே இருந்தது. என் மருமகள் "ஐயோ, இதையா மாமா குடிச்சோம்?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, கம்பியைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை போடு" என்றேன். அவன் தண்ணீரில் நான் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டேன். அதுவும் சாக்கடையானது! வந்த அழுக்கு தண்ணீரில் இருந்தது இல்லை, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது, அவ்வளவுதான். பையன் சிரித்துக்கொண்டே பையைக் கட்டினான். அவனுக்கும் தெரிந்தே இருக்கும்.

டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. பென்னாகரத்துத் தம்பிக்கு மட்டும் ஒன்று: உங்கள் போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. உபயோகப்படும், புளோரைடை எடுத்துவிடும். ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கே வரும்போது அந்தச் செலவு எதற்கு என்பது வேறு விஷயம்.

கேன் பார்ட்டி:

எதற்கு வம்பு சார், நான் 20 லிட்டர் கேன்தான். (கேனை யார் கழுவுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.)

கடைசித்தெரு அக்கா:

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் ஆளாளுக்கு வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிப்போம். மழை பெய்தால் பக்கத்துச் சாக்கடை அந்தக் குழியில்தான் நிற்கும். வசதியானவர்கள் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார்கள். குழாய்க்குள் அழுத்தம் இல்லாதபோது, எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே வெளியில் நிற்பதெல்லாம் உள்ளே போகும். ஒரு ஐப்பசியில் எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேருக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்தோம், குழியை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் மகளிர் குழுவில் சிலருக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்தார்கள், நானும் போனேன். மருந்து தடவிய பாட்டிலில் தண்ணீரைக் கோடுவரை ஊற்றி மூடி வைக்கணும். சாக்கடைக் கிருமி இருந்தால் கறுத்துவிடும். தொட்டித் தண்ணீர் ஒன்று, எங்கள் குழித் தண்ணீர் ஒன்று. சமையல்கட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் சாயங்காலம் தொட்டி பாட்டில் வைத்தபடி இருந்தது, குழி பாட்டில் மை ஊற்றியது போலக் கறுத்திருந்தது. மூடியைத் திறக்காமல் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்த வாரமே நான்கு குழி மூடினார்கள். மோட்டார் வீடு இன்னும் மூடவில்லை. அவர்கள் எங்களுக்குப் பங்காளி, அதற்குமேல் பேச முடியவில்லை.

பென்னாகரத்துக்காரன்:

அக்கா, உங்கள் வழியில் நானும் பெட்டி வாங்கி வந்து, அம்மா கண்ணெதிரே இரண்டு தண்ணீரையும் சோதித்தேன். ஆற்றுத் தண்ணீர் சிவப்பாக நின்றது, போர் மஞ்சளாகிவிட்டது. ரொம்ப நேரம் பார்த்தாள். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு குடம். என் அக்கா மகளுக்கு ஆற்றுத் தண்ணீர், அதுவும் வாசம் போக ராத்திரியே பிடித்து வலைத்துணி கட்டி வைத்தது. தனக்கு மட்டும் போர் தண்ணீர். ஏம்மா என்றால், "என்னை இனிமே எவன் பொண்ணு பாக்க வரப்போறான்?"