பென்சீன் டைமர்: நான்மை ஜீட்டாவில் எஸ்சிஎஃப் குவியவில்லை, உதவுங்கள்

இணையாகச் சற்றே விலகி அடுக்கிய இரு பென்சீன் மூலக்கூறுகளின் பிணைப்பாற்றல் எந்த பேசிஸ் செட்டில் (ஆர்பிட்டல்களைக் கட்டியெழுப்பும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) நிலைபெறுகிறது என்று சோதித்து வருகிறேன். முறை எம்பி2 (எலக்ட்ரான்களின் ஒட்டுறவைக் கணக்கில் சேர்க்கும் இரண்டாம் வரிசைக் குலைவு முறை), கவுண்டர்பாய்ஸ் திருத்தத்துடன் (ஒரு மூலக்கூறு மற்றதன் சார்புகளைக் கடன்வாங்குவதால் வரும் பிழையை நீக்குவது). டன்னிங்கின் ஆக்-சிசி (aug-cc) பேசிஸ் செட் வரிசையில் இரட்டை ஜீட்டாவும் (384 சார்புகள்) மும்மை ஜீட்டாவும் (828) சிக்கலின்றி முடிந்தன. நான்மை ஜீட்டாவில் (1512) எஸ்சிஎஃப் (ஆற்றல் மாறாமல் நிற்கும்வரை ஆர்பிட்டல்களைத் திரும்பத் திரும்பத் திருத்தும் கணக்கீடு) ஆற்றல் ஓயாமல் ஊசலாடுகிறது. சார்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு மேற்பொருந்துகின்றன என்று காட்டும் மேற்பொருந்தல் அணியின் மிகச் சிறிய ஐகன் மதிப்பு 10⁻⁷-க்கும் கீழே இருக்கிறது. ஆகவே பரவல் சார்புகள் (அணுவிலிருந்து வெகுதூரம் பரவும் சார்புகள்) ஒன்றையொன்று நேரியலாகச் சார்ந்திருப்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

லெவல் ஷிஃப்ட் (காலி ஆர்பிட்டல்களின் ஆற்றலை உயர்த்தி ஊசலாட்டத்தை அடக்குவது) கொடுத்துப் பார்த்தேன், மும்மை ஜீட்டா ஆர்பிட்டல்களிலிருந்து தொடங்கினேன், மிகச் சிறிய தொகையீடுகளை விட்டுவிடும் வரம்பையும் இறுக்கினேன், பலனில்லை. நேரியல் சார்பு நீக்க வரம்பை (ஐகன் மதிப்பு இதற்குக் கீழே போனால் அந்தச் சேர்க்கை நீக்கப்படும்) 10⁻⁵ ஆக உயர்த்தினால் மட்டும் குவிகிறது. ஆனால் வளையங்களுக்கு இடையிலான தூரத்தை மாற்ற மாற்ற, நீக்கப்படும் சார்புகளின் எண்ணிக்கையும் மாறி, 3.4 ஆங்ஸ்ட்ராமுக்கு அருகே ஆற்றல் வளைவு படிபோலக் குதிக்கிறது. எனக்கு வேண்டிய சமநிலைத் தூரமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பதால் இதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

மும்மை, நான்மை இரண்டிலும் ஹைட்ரஜனின் பரவல் சார்புகளை மட்டும் நீக்கி, கார்பனில் வைத்துக்கொண்டு, முழுமையான பேசிஸ் செட் எல்லைக்கு (சார்புகள் முடிவிலியாகும் நிலை) புறச்செருகினால் கிடைக்கும் பிணைப்பாற்றலை நம்பலாமா?