தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் கிடங்கு வரலாமா?

ஆறாம் கட்டை:
நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் கிடங்குகள் கட்ட நகராண்மைக் கழகத்திற்கு விண்ணப்பம் போயிருக்கிறது. விவசாய நிலம் தொழில்துறை நிலமாகிறதாம். அறிவிப்புப் பலகையைப் போய்ப் பாருங்கள். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்து கடைசி இரண்டு வரிகளை மறைத்திருக்கிறது. ஆட்சேபிக்கக் கடைசி நாள் எது என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது! எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை.

லோரிக்காரன்:
அண்ணா, வரட்டுமே. செம்பனைக் குலை வெட்டக்கூட இன்று வெளிநாட்டிலிருந்துதான் ஆள் வருகிறது. நம் பிள்ளைகள் கிள்ளானில் வாடகை அறையில் முடங்கிக் கிடக்கிறார்கள். சாலையில் குழி என்று புகார் கொடுத்தால் என்ன பதில் வருகிறது? "அது தோட்டத்தின் தனியார் சாலை, நாங்கள் தார் போட முடியாது." கிடங்கு வந்து, சாலையைக் கழகம் எடுத்துக்கொண்டால் தாரும் வரும், விளக்கும் வரும். ஆண்டுக்கு இரண்டு தவணை மதிப்பீட்டு வரி கட்டப்போவதும் கிடங்குக்காரன்தான்.

கிராணி மகள்:
சாலை விஷயத்தில் லோரிக்கார அண்ணன் சொல்வது சரி. ஆனால் நிலத்தின் வகையை மாற்றுவது மாநில அரசு. அந்த விண்ணப்பம் நில அலுவலகம் வழியாகப் போகும். கழகத்தின் கையில் இருப்பது, அங்கே கட்டலாம் என்று சொல்லும் திட்ட அனுமதி. நம்மைக் கழற்றிவிடுவது அங்கேதான். 1976ஆம் ஆண்டின் மலேசிய நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 21ஆம் பிரிவு: எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமென்றால் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். உரிமையாளர்கள்! தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் நாம் அந்தக் கணக்கிலேயே இல்லை. காட்டை விற்பது தோட்ட நிறுவனம். லயம் நிற்கும் நிலமும் அதே நிறுவனத்துடையது என்பதால் பக்கத்து நிலத்துக்காரர் என்று கடிதம் பெறுவதும் அதுதான். அது ஆட்சேபிக்குமா?

உள்ளூர்த் திட்டம் இருந்து, அதில் இது விவசாயப் பகுதியாக இருந்தால் கதை வேறு. அந்தத் திட்டத்தைத் திருத்துவதென்றால் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். எந்த நிலைமை என்று எழுத்தில் கேட்போம்.

லோரிக்காரன்:
சட்டப் பிரிவு சோறு போடாது, தங்கச்சி. எல்லாரும் பள்ளியைக் காப்பாற்றுவதாகப் பேசுகிறீர்கள். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை இல்லாமல் குடும்பங்கள் போய்விட்டன. இன்னும் கொஞ்ச நாளில் யாருக்காகப் பள்ளி?

ஆறாம் கட்டை:
சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் கிடங்கில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், தம்பி? ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட நாலு பேர், வாசலில் ஒரு காவலாளி. அந்தக் காவலாளி வேலையும் வெளி நிறுவனத்துக்குப் போய்விடும். பள்ளி வாசல் மதகைப் பார்த்திருக்கிறாயா? குலை லோரி திரும்பும்போதே பின்சக்கரம் ஓரக் கல்லைப் பெயர்க்கிறது. பிள்ளைகள் சைக்கிளோடு ஒதுங்கி நிற்பதும் அதே ஓரத்தில்தான். நீ ஓட்டுநர், நீயே சொல்: கன்டெய்னர் லோரி அங்கே திரும்புமா?

லோரிக்காரன்:
நாற்பதடி கன்டெய்னர் திரும்பாது. ஆலைப் பக்கத்து மண் சாலையை அகலப்படுத்தினால் பள்ளியைத் தொடவே வேண்டாம். அதை நிபந்தனையாகக் கேளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திட்டமே வேண்டாம் என்ற மனுவில் போட மாட்டேன்.

ஆறாம் கட்டை:
நான் அந்த இரண்டாவது மனுவில்தான் போடுவேன்.

கிராணி மகள்:
இரண்டும் போகட்டும். கழகத்தின் முழுக் கூட்டத்தில் பொதுமக்கள் உட்காரலாம், ஆனால் திட்ட அனுமதியை ஆராயும் குழுவின் கதவு நமக்குத் திறக்காது. கழக உறுப்பினரோ நியமனம் பெற்றவர். 1965இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் திரும்பவே இல்லை. ஓட்டைக் காட்டி அவரை மிரட்ட முடியாது. சட்டமன்ற உறுப்பினரிடம்தான் அது பலிக்கும். அதனால் அவர் சேவை மையத்திலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மலாயில் நான் எழுதித் தருகிறேன். லோரிக்கார அண்ணன் அந்த மண் சாலையின் அகலத்தை அளந்து அனுப்பட்டும்.