காரா உருளையில் எக்ஸ் வைரஸ் ஏறாதது ஏன்?

கேள்வி (முகில்): உருளைக்கிழங்கைத் தாக்கும் எக்ஸ் வைரஸ் உள்ள இலைச்சாற்றில், இலையில் நுண்கீறல் போடும் கார்போரண்டம் தூள் கலந்து இரண்டு உருளை ரகங்களில் தேய்த்தோம். ஒன்றில் வெளிர்பச்சைத் திட்டுகள். பக்கத்துத் தொட்டியில் காரா ரகம். ஒரு புள்ளிகூட இல்லை. எதிர்ப்பு என்றால் செல்கள் கருகிச் சாக வேண்டாமா?

பதில் (வித்துக்கிழங்கு): எல்லா எதிர்ப்பும் அப்படியில்லை. காராவில் இருப்பது ஆர்எக்ஸ் என்ற எதிர்ப்புப் புரதம். வைரஸைப் போர்த்தியிருக்கும் உறைப்புரதம் செல்லுக்குள் தலைகாட்டியதுமே பிடித்துவிடும். வைரஸ் பெருகவே வழியில்லை, அப்புறம் எங்கே கருகுவது? ஆனால் உறைப்புரதத்தை மட்டும் செல்லுக்குள் ஏராளமாக உண்டாக்கிப் பாருங்கள், கருகும். 1999ல் இங்கிலாந்தின் நாரிச் நகரச் செயின்ஸ்பரி ஆய்வகத்தார் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்த கட்டுரையிலேயே இந்த விஷயம் வருகிறது.

தோட்டக்காரி: அப்போ காரா நட்டால் கவலையே இல்லையா?

வித்துக்கிழங்கு: அவ்வளவு சுலபமா! பொலிவியாவில் கிடைத்த ஹெச்பி என்ற எக்ஸ் வைரஸ் வகை, உறைப்புரதத்தில் சிறு மாற்றத்தோடு ஆர்எக்ஸிடம் தப்பிவிடுகிறது. அசுவினி பரப்பும் ஒய் என்ற இன்னொரு உருளை வைரஸுக்கு வேறு புரதம் வேண்டும். சோலானம் ஸ்டோலோனிஃபெரம் என்ற காட்டினத்திலிருந்து ஒன்று வந்தது. மரபணு பிரிபட்டது 2020ல்தான். அதுவும் உறைப்புரதத்தைத்தான் அடையாளம் காண்கிறது.

முகில், இலையில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் எலிசா சோதனையை ஓட்டிவிடுங்கள். தேய்த்த இலை வேண்டாம், பூசிய சாறே பாசிட்டிவ் காட்டும். மேலே புதிதாக விட்ட இலையைக் கிள்ளுங்கள்.

முகில்: சரி சார், நாளைக்கே.