புதுப்பிப்பு: அம்மாவும் போன் பயிற்சியாளரும்

பாரிசவாதம் வந்த அம்மாவுக்கு, போன் கமராவில் அசைவைப் பார்த்து எண்ணுகிற பயிற்சிச் செயலி சரிவருமா என்று கேட்டிருந்தேனே, இப்போது ஆறு கிழமை ஆகிவிட்டது.

கல்லடி வீட்டில் முதலில் நன்றாகத்தான் போனது. செயலி ஆங்கிலத்தில் பாராட்டும்போது மட்டும் அம்மா "இது ஆருக்குப் புள்ள சொல்லுது?" என்பார்.

சிக்கல், பிசியோ (உடற்பயிற்சி சிகிச்சையாளர்) பார்த்த பிறகுதான் தெரிந்தது: அம்மா கையை உயர்த்தவில்லை, தோளைத் தூக்கி உடம்பைச் சாய்த்து ஒப்பேற்றியிருக்கிறார், செயலி அதையும் சேர்த்து 20 என்று எண்ணியிருக்கிறது. இப்போது பிசியோ சொன்னபடி துவாயால் நெஞ்சைக் கதிரையோடு கட்டிவிட்டுச் செய்கிறோம். எண்ணிக்கை 8தான், ஆனால் உண்மையான 8.

செயலிக்குப் பதிலாக ரோபோ உதவுமா என்று கேட்டவர்களுக்கு: தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானி மாயா மட்டாரிச்சின் குழு, நோயாளியைத் தொடாமல் பேச்சாலும் சைகையாலும் பயிற்சி செய்யவைக்கும் ரோபோக்களைப் பல வருடமாக ஆராய்கிறது. நாவோ என்ற 58 சென்ரிமீற்றர் ரோபோவையும் சில இடங்களில் இதற்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த உயரத்தைத் தாண்டிய தம்பி மகன் இருக்கிறான், தமிழில் எண்ணுவான், ஏமாற்றினால் ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வான்.

செயலியை அழிக்கவில்லை, அவன் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு வைத்திருக்கிறேன்.