ஆர்எக்ஸ் 100: சைலன்சர் குடுத்துட்டு பிளாக் மாத்திக்கலாமா? பார்க்காம வாங்குறப்ப என்னென்ன கேக்கணும்?

வைகை_2டி:

மதுரையில இருக்கேன். வண்டி 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். இப்ப இருக்கிற பிளாக் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்) 1.00 மி.மீ. வரைக்கும் கடைஞ்சு பெருசாக்கி, அதுவும் தேஞ்சு முடிஞ்சது. வண்டியோட வந்த ஸ்டாக் சைலன்சர் ஒண்ணு பாஃபிளோட (உள்ள இருக்கிற, சத்தம் குறைக்கிற குழாய்) சும்மா கிடக்கு, முன் ஃபோர்க் ஒரு ஜோடியும் இருக்கு. கோயம்புத்தூர்ல ஒரு ரைடர், சைலன்சரைக் குடுத்தா பிளாக், ஹெட், பிஸ்டன் மூணையும் தர்றேங்கிறார். "0.50 போட்டு 3000 கி.மீ.தான் ஓடிச்சு, நல்ல கண்டிஷன்"னு சொல்றார். போட்டோவுல பளபளன்னுதான் இருக்கு. நேர்ல போக தோதுப்படல. அவர்கிட்ட என்ன அளவு கேக்கணும்? சைலன்சருக்கு பிளாக்னு நேருக்கு நேர் மாத்திக்கிறது சரியா வருமா? ஃபோர்க்கை விக்கிறதுன்னா என்ன சொல்லி விக்கணும்?

லேத்_மேடை:

"நல்ல கண்டிஷன்" ஒரு அளவே இல்லைங்க. பளபளப்பும் கணக்கில்ல. தேஞ்ச பிளாக்தான் கண்ணாடி மாதிரி மின்னும், ஹோனிங் கோடு (உள்சுவர்ல ஆயில் நிக்கப் போடுற மெல்லிய கீறல்) போயிருக்கும்.

ஆர்எக்ஸ் 100 ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டரோட உள்விட்டம்) 50 மி.மீ. கடையில அதைவிட 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. வரைக்கும் பெரிய பிஸ்டன் கிடைக்கும். அதுக்கு மேல ஸ்லீவ் (புது உள்குழாய்) அடிக்கணும். அதனால பிளாக்கோட மதிப்பே இன்னும் எத்தனை போர் மிச்சம் இருக்குங்கிறதுதான்.

அவரை ஏதாவது லேத் பட்டறையில போர் கேஜ் (உள்விட்டம் அளக்கிற கருவி) வெச்சு எடுத்துத் தரச் சொல்லுங்க. வாயிலேர்ந்து 10 மி.மீ. கீழ ஒண்ணு, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் (புகை வெளியேற சிலிண்டர் சுவர்ல இருக்கிற துவாரம்) கொஞ்சம் மேல ஒண்ணு, அடியில போர்ட் இல்லாத இடத்துல ஒண்ணு. ஒவ்வொரு இடத்துலயும் முன்-பின் ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை. மொத்தம் ஆறு எண். வெர்னியர் வெச்சு வாயில எடுத்த அளவை அனுப்பினா வாங்கிக்காதீங்க. ரிங் ஏறாத இடம் அது, தேயவே தேயாது. போட்ட அன்னைக்கு இருந்த அளவைத்தான் காட்டும்.

பிஸ்டனை மைக்ரோமீட்டர்ல, ஸ்கர்ட்டோட (பிஸ்டனோட கீழ்ச்சுவர்) அடிப்பக்கம், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்க எடுக்கணும். தலைப்பக்கம் எடுத்தா கம்மியா வரும், அது டேப்பர்லதான் (ஒரு முனை குறுகலா) செஞ்சிருப்பாங்க.

அடுத்து போர்ட். இந்த வண்டிக்கு போர்ட்டிங்னு (வேகத்துக்காகத் துவாரத்தைப் பெருசாக்குறது) ஃபைல் போட்டுக் கெடுத்த பிளாக் ஊர் முழுக்கக் கிடக்கு. போருக்குள்ள எக்ஸாஸ்ட் போர்ட் மேல வெள்ளைத்தாளை ஒட்டிப் பிடிச்சு, பென்சிலைச் சாய்ச்சுத் தேச்சா ஓரம் அப்படியே பதியும். தாளோட மேல்விளிம்பு பிளாக் வாயோட சமமா இருக்கணும். உங்க பழைய பிளாக்குலயும் அதே மாதிரி ஒரு தாள் எடுத்து, அவர் தாளை வாங்கி ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு வெளிச்சத்துல பாருங்க. மேல் ஓரம் ஏறியிருந்தா ஃபைல் விழுந்திருக்கு. கீழ் ஆர்பிஎம்ல இழுவை போயிடும், அதைத் திருப்பவும் முடியாது.

ஹெட்டுக்கு: பிளக் மரை (14 மி.மீ.) போய் புஷ் அடிச்சிருக்கா, அடிப்பக்கம் ஃபேஸிங் பிடிச்சிருக்கான்னு (சீவி மட்டம் பண்ணியிருக்கான்னு) கேளுங்க. ஃபேஸிங் அதிகம்னா கம்ப்ரஷன் ஏறி, வெயில்ல மேடு ஏறுறப்ப நாக்கிங் (என்ஜினுக்குள்ள தட்டுற சத்தம்) வரும். ஃபின் (சூடு ஆத்துற தகடு) உடைஞ்சது ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல, விலையில குறைச்சுக்கலாம்.

மலைப்பாதை:

மாத்திக்கிற விஷயத்துக்கு வர்றேன். பொருளுக்குப் பொருள்னு பேசினா கடைசியில யாராவது ஒருத்தர் ஏமாந்த மாதிரிதான் நினைப்பார். ரெண்டுக்கும் தனித்தனியா ரூபாய்ல விலை போட்டுக்குங்க. உதாரணத்துக்கு சைலன்சர் 3,000, பிளாக் செட் 2,200னு ஒத்துக்கிட்டா, மிச்சம் 800ஐ அவர் அனுப்பட்டும். ஒரு பொருள் சரியில்லைன்னு திரும்பி வந்தாலும் கணக்கு அப்ப சிக்கல் இல்லாம முடியும்.

உங்க சைலன்சரைப் பத்தியும் நீங்க உள்ளதைச் சொல்லணும் ப்ரோ. ஒரு முனையைத் துணியால அடைச்சு, இன்னொரு முனையில ஊதுபத்திப் புகையை விட்டு ஊதுங்க. அடிப்பக்க வெல்டு ஓரத்துலதான் முதல்ல ஓட்டை விழும், புகை வர்ற இடம் தெரியும். பாஃபிளை உருவி போட்டோ எடுங்க. பாதி அறுத்த பாஃபிளை முழுசுன்னு தள்ளிவிடுறவங்க நிறைய. கார்பன் அடைச்சிருந்தா காஸ்டிக் சோடா கரைசல்ல ஊற வெச்சுக் கழுவலாம். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியத்துல அது பட்டா அரிச்சுடும், அதனால பிளாக், ஹெட் பக்கம் கொண்டு போகவே கூடாது. கழுவின பிறகு வெயில்ல நல்லாக் காயணும், ஈரத்தோட பேக் பண்ணினா போய்ச் சேர்றதுக்குள்ள துரு பிடிச்சிடும்.

ஃபோர்க்: உள்பைப்பைக் கழட்டி கண்ணாடிப் பலகை மேல உருட்டுங்க. அடியில வெளிச்சக் கீத்து ஏறி இறங்கினா வளைஞ்சிருக்கு. சீல் ஓடுற பகுதியில நகத்தால வருடிப் பாருங்க. நகம் மாட்டுற அளவு குழி இருந்தா எத்தனை ஆயில் சீல் போட்டாலும் கசியும். குரோம் அடிக்கக் குடுக்குற விலைக்குத்தான் அது போகும். ட்ரம் பிளேட்டைத் தடுத்துப் பிடிக்கிற காது உடைஞ்சு வெல்டு வெச்சிருந்தா விக்கவே விக்காதீங்க. பிரேக் பிடிக்கிற வேகத்துல அது விட்டுச்சுன்னா பிளேட் சேர்ந்து சுத்தி முன் சக்கரம் பூட்டிக்கும்.

வைகை_2டி:

ரொம்ப நன்றி. அளவு வந்துடுச்சு. மேல 50.61, நடுவுல 50.57, அடியில 50.55. குறுக்க எடுத்ததுல 0.01க்குள்ளதான் வித்தியாசம். பிஸ்டன் 50.46. பென்சில் தாள் ரெண்டும் அச்சு அசலா ஒண்ணாப் பொருந்துது. இது எப்படி?

லேத்_மேடை:

போர்ட் தப்பிச்சுது, அது பெரிய விஷயம். ஆனா போர் தேஞ்சு முடிஞ்சது.

மேலுக்கும் அடிக்கும் 0.06 டேப்பர். 0.05 தாண்டினாலே போர் போடுறதுதான் முறை. பிஸ்டன் கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி) மேல 0.15, அடியில 0.09. 0.04 பக்கம் இருக்க வேண்டிய இடம் இது. மாட்டினா ஸ்டார்ட் ஆகும், ஓடவும் ஓடும், ஆனா குளிர்ந்த என்ஜின்ல பிஸ்டன் தட்டுற சத்தம் கேக்கும், கம்ப்ரஷன் இறங்கிடும்.

3000 கி.மீ.ல இவ்வளவு தேயாதுங்க. ஏர் ஃபில்டர் கழட்டி வெச்சு ஓட்டியிருந்தா தேயும். லேத்துல லூசாப் போட்டிருந்தா மேலயும் கீழயும் ஒரே மாதிரி லூசா இருக்கும், இப்படி டேப்பர் வராது. அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, அவருக்கு முன்னாடி இருந்த ஓனர் சொன்னதை நம்பியிருக்கலாம்.

50.61லேர்ந்து 50.75க்கு தாராளமா சுத்தமாகும். ஆக இது 0.75 போட வேண்டிய பிளாக், அதுக்கப்புறம் 1.00 ஒண்ணு மிச்சம். அப்படியே மாட்டுற செட்டுன்னு அவர் சொன்ன விலையில ஒரு போர் கூலி, ஒரு பிஸ்டன் கிட், பின், சர்க்கிளிப், கேஸ்கெட் செட், இந்தச் செலவைக் கழிச்சுக்குங்க. பழைய பிஸ்டனுக்கு ஒரு பைசாவும் கிடையாது. எண்ணைக் காட்டிப் பேசினா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

மலைப்பாதை:

அனுப்புற விஷயம். அவரை போர் முழுக்க ஆயில் தடவி, பிளாஸ்டிக் கவர்ல காத்துப் போகாம கட்டச் சொல்லுங்க. ஃபின் நடுவுல அட்டைத் துண்டு சொருகி, மேல பழைய சைக்கிள் டியூபைச் சுத்தணும். பெட்டிக்குள்ள ஹெட்டும் பிளாக்கும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சா ஃபின் போயிடும், அதனால தனித்தனிப் பொதி. ஃபோர்க் அனுப்புறதுன்னா ஆயிலை முழுசா வடிச்சு, ரெண்டையும் பிவிசி பைப்புக்குள்ள விட்டு மூடி போட்டுடுங்க. பெட்ரோல் வாடை அடிச்சா பார்சல் ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க, கார்ப், டேங்க் எது அனுப்பினாலும் இதுதான் முதல் சிக்கல். ஆம்னி பஸ் பார்சல் போதும், டு பே போட்டா வாங்குறவர் கூலி குடுத்துக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல புக் பண்ணி ரசீதை மாத்திக்குங்க. பிரிக்கிறப்ப கட்டோட ஆரம்பிச்சு வெட்டாம வீடியோ எடுங்க.

காசு விஷயத்துல ஒண்ணு. பணம் வாங்குறதுக்குன்னு க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணி பின் போடச் சொன்னா அது மோசடி. பணம் குடுக்கத்தான் பின் கேக்கும்.

ஆர்சி_புக்கு:

பிளாக், ஹெட் வாங்குறதுல நம்பர் பிரச்சினை இல்லை. என்ஜின் நம்பர் கிராங்க் கேஸ்லதான் இருக்கு. நாளைக்கு "முழு என்ஜினும் இருக்கு, எடுத்துக்கிறீங்களா"ன்னு அவரே கேக்கலாம். அப்ப ஆர்சி நகல், எழுதிக் குடுத்த ரசீது ரெண்டும் வேணும், ஆர்டிஓவுல எழுதிக் குடுத்து ஆர்சியில நம்பரையும் மாத்தணும். நம்பரை அரைச்சிருந்தா எவ்வளவு சல்லிசா இருந்தாலும் தொடாதீங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா 317ல மூணு வருஷம் வரைக்கும் உண்டு. ஆர்எக்ஸ் 135 வண்டியோட பிளாக்கை ஏத்துற யோசனை இருந்தாலும் இதுதான் சொல்வேன்: ஆர்சியில இருக்கிற சிசி மாறினா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல வந்துடும், 182ஏபடி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம்.

வைகை_2டி:

பேசிட்டேன். எண்ணைப் பார்த்ததும் அவரே ஒத்துக்கிட்டார். சைலன்சர் அங்க போகுது, பிளாக்கும் ஹெட்டும் வருது, மிச்சக் காசு எனக்கு. கோயம்புத்தூர்லயே 0.75 போர் போட்டு அனுப்பட்டுமான்னு கேக்குறார். சரின்னு சொல்லலாமா?

லேத்_மேடை:

வேண்டாம். பிஸ்டன் கையில வராம போர் போடக் கூடாது. 0.75னு ஒரே எண் அச்சடிச்சிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் பெட்டிக்குப் பெட்டியே 0.01, 0.02 மாறும். மதுரையில பிஸ்டன் வாங்கிட்டு, அதையும் பிளாக்கையும் சேர்த்து லேத்துல குடுங்க. பிஸ்டனை அளந்து அதுக்குத்தான் போடணும். போட்டு முடிச்சதும் போர்ட் ஓரங்களை லேசா சாம்ஃபர் பிடிச்சாங்களான்னு (கூர் மழுக்கினாங்களான்னு) விரலை விட்டுத் தடவிப் பாருங்க. கூரா இருந்தா அங்கயே திருப்பிக் குடுத்துடுங்க, ரிங் அதுல மாட்டித்தான் உடையும்.