கேஸ் குறைவு என்றார்கள், நழுவிக் கிடந்தது சென்சார்

மூன்று வாரமாக எங்கள் படுக்கையறை ஏசி ஒரே மாதிரி படுத்திக்கொண்டிருந்தது. போட்டதும் நன்றாகக் குளிரும். கொஞ்ச நேரத்தில் வெளி யூனிட் நின்றுவிடும், உள்ளே வெறும் காற்று மட்டும் வரும், முகப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அணைத்துவிட்டுப் பிறகு போட்டால் மறுபடியும் அதே கதை.

பார்க்க வந்த மெக்கானிக் விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிவிட்டு, "கேஸ் குறைஞ்சிருக்கு சார், ஏத்திடலாம்" என்றார். மீட்டர் வைத்து அழுத்தம் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. கேஸ் குறைந்தால் குளிர்ச்சி ஆரம்பத்திலிருந்தே மந்தமாக இருக்கும். வெளி யூனிட்டுக்குப் போகும் மெல்லிய குழாயில் பனி படியும், தடித்த குழாய் சில்லென்று ஆகாது. எங்கள் ஏசியில் ஓடுகிற நேரமெல்லாம் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அப்புறம் தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. வீட்டு ஏசி பெரும்பாலானவற்றில் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியே கிடையாது. வெளி யூனிட்டில் உள்ள கம்ப்ரசர் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில், உள் யூனிட்டில் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள், அதாவது காயில் (coil), குளிர்ந்ததா என்று அதில் செருகியிருக்கும் வெப்ப சென்சாரை வைத்துத்தான் ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு பார்க்கிறது. குளிரவில்லை என்று சென்சார் சொன்னால், கேஸ் இல்லை என்று முடிவு செய்து சில மாடல்கள் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அப்படியானால் சென்சாரைத்தானே முதலில் சந்தேகிக்க வேண்டும்?

ரிமோட்டில் அணைத்ததோடு விடாமல் மெயின் பிரேக்கரையும் இறக்கினேன். இரண்டு மணி நேரம் விட்டு உள் யூனிட்டின் முன்பக்கத்தைக் கழற்றினேன். மெல்லிய ஒயரில் இரண்டு சென்சார்கள். பிளாஸ்டிக் கிளிப்பில் காயிலுக்கு முன்னால் நிற்பது அறைக் காற்றைப் பார்ப்பது. உலோகக் குப்பி போன்ற முனை உள்ளது காயிலைப் பார்ப்பது. இரண்டும் வெப்பம் ஏற ஏற மின்தடை குறைகிற தெர்மிஸ்டர்கள்தான். போர்டிலிருந்து பிளக்கை உருவிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் போர்டில் உள்ள தடையும் சேர்ந்து தப்பாகக் காட்டும். என்னுடையது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் வகை. அன்று அறை 30 டிகிரி வாக்கில் இருந்தது, இரண்டுமே 8 கிலோ ஓமை ஒட்டிக் காட்டின. இருக்க வேண்டிய அளவே அதுதான்.

அங்கேயே சோர்ந்துவிட்டேன். சென்சாரும் சரி, கேஸும் சரி என்றால் வேறு என்ன? ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனபோதுதான் கண்ணில் பட்டது. காயிலில் பற்றவைத்திருக்கும் சின்னச் செம்புக் குழலுக்குள் இருக்க வேண்டிய அந்த முனை, வெளியே ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் வாட்டர் வாஷ் செய்தபோது கழன்றிருக்க வேண்டும். அதை இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் கிளிப் கீழே தட்டில் கிடந்தது. முனையைக் குழலுக்குள் முழுதாகச் செருகி கிளிப்பைப் போட்டேன். அன்றிலிருந்து ஒரு முறைகூட அப்படி நடுவில் நிற்கவில்லை. கேஸ் ஏற்றியிருந்தால் அளவு மிஞ்சி, கம்ப்ரசருக்குத்தான் கேடு வந்திருக்கும்.

* * *

மேலே எழுதியவருக்குக் காயில் சென்சார் என்றால், எங்களுக்குப் பிரச்சினை அறை சென்சாரில். 24-ல் வைத்தால் அறை 28-ல் இருக்கும்போதே கம்ப்ரசர் நின்றுவிடும். எந்த எரர் கோடும் வராது, அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒயர் அறுந்தால் போர்டு உடனே சொல்லிவிடும். அளவு கொஞ்சம் நகர்ந்தால் அதை உண்மை என்றே நம்பிவிடும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டியது எனக்கு 11.7 காட்டியது. போர்டின் கணக்கில் அது 21, 22 டிகிரி.

முதல் தடவை அளக்கும்போது முனையை விரலில் பிடித்திருந்தேன், எண் இறங்கிக்கொண்டே போனது. உடம்புச் சூடு! கையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். ஆனால் அதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். விரலில் பிடித்தால் எண் சீராக இறங்க வேண்டும், துள்ளினால் உள்ளே விரிசல் அல்லது பிளக்கில் பச்சை பிடித்திருக்கிறது. ஐஸ் கரையும் தண்ணீரில் முனையை வைத்தும் பார்த்தேன், அங்கேயும் அளவு கூடுதலாகவே வந்தது. புதிது மாற்றியதும் சரியாகிவிட்டது.

* * *

மேலே இருவரும் சென்சாரைச் சொன்னீர்கள், எங்களுக்கு வந்தது ரிமோட்டால். எங்கள் ரிமோட்டில், ரிமோட் இருக்கும் இடத்தின் வெப்பத்தை வைத்து ஏசியை ஓட்டும் வசதி ஒன்று உண்டு. குழந்தை அதைத் தெரியாமல் அமுக்கியிருக்கிறாள். ரிமோட் ஜன்னலோரம் வெயிலில் கிடக்க, ஏசி பகல் முழுக்க நிற்காமல் ஓடியது. சென்சாரைக் கழற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

* * *

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். என் அண்ணன் வீட்டில் காயில் சென்சார் கிடைக்கவில்லை என்று அதன் இடத்தில், வெப்பம் மாறினாலும் தடை மாறாத 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார் ஒருவர். எரர் போய்விட்டது, குளிரும் வந்தது. ஆனால் காயில் எப்போதும் 25 டிகிரியில் இருப்பதாகவே போர்டு நினைக்கும். உறைந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் பாதுகாப்பு அதோடு போயிற்று. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று குறைந்த ஒரு ராத்திரி காயில் முழுக்க ஐஸ் கட்டி, உருகிச் சுவரெல்லாம் தண்ணீர். கோளாறு சென்சாரிலா போர்டிலா என்று பார்க்க ரெசிஸ்டரை ஐந்து நிமிடம் மாட்டலாம், அவ்வளவுதான்.

* * *

முதலில் எழுதியவன்தான். ரெசிஸ்டர் பற்றிச் சொன்னதற்கு ரொம்ப நன்றி, எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. புதிய சென்சார் வாங்குபவர்கள் பிளக் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். 5 கிலோ ஓம் வகையும் அதே உருவத்தில் வருகிறது. 10 கிலோ ஓமுக்கான போர்டில் அதை மாட்டினால் 25 டிகிரி அறையை 40 டிகிரிக்கு மேல் என்று கணக்குப் போட்டு ஏசி நிற்காமல் ஓடும். பழையதைத் தூக்கிப் போடாமல், மாடல் எண்ணோடு கடைக்குக் கையில் கொண்டு போங்கள்.